தடை ஒன்றா, பலவா? கனமான அணுக்கருக்கள் இணையும் கணக்கில் மாட்டிக்கொண்டேன்

பாளை_பையன் | சனி, இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. கடைசி வருடம். ப்ராஜெக்ட்டுக்கு, ஆக்சிஜன்-16 கருவைச் சமாரியம்-154 மீது மோதவிட்டால் எவ்வளவு இணையும் என்ற கணக்கை ஆசைப்பட்டு எடுத்தேன். மூன்று வாரமாக அனுபவிக்கிறேன்.

செய்தது இதுதான். ஒன்றில் 8 புரோட்டான், மற்றதில் 62. அதனால் விலக்கம். நெருங்கி வந்தால் வுட்ஸ்-சாக்ஸன் வடிவத்தில் (விளிம்பு மெல்லத் தேயும் பள்ளம்) அணுக்கரு ஈர்ப்பு. இரண்டையும் கூட்டினால், மையங்களுக்கு நடுவே கிட்டத்தட்ட 11 ஃபெர்மி (1 ஃபெர்மி = 10⁻¹⁵ மீட்டர்) இருக்கும்போது ஒரு மேடு, அதாவது தடை, வருகிறது. உயரம் ஏறக்குறைய 60 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்). அந்த உச்சியைக் கவிழ்த்த பரவளையமாக வைத்து தடையை ஊடுருவும் வாய்ப்புக்கு ஹில்-வீலர் சூத்திரம், அதை வைத்து இணைவின் அளவுக்கு 1973-இல் வோங் கொடுத்த சூத்திரம். எல்லாம் புத்தகப்படிதான்.

மேட்டுக்கு மேலே உள்ள ஆற்றல்களில் அளந்த மதிப்போடு அழகாக ஒட்டிப்போகிறது. கீழே இறங்கினால் மானம் போகிறது. 55 எம்இவியில் அளந்த, இணையும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் கிராஸ் செக்‌ஷன் என் விடையைப் போல நூறு மடங்குக்கு மேல். எங்கே தப்பு விட்டேன்? திங்கட்கிழமை வழிகாட்டியிடம் காட்டியாக வேண்டும்.

கல்லிடை_அப்பளம் | சனி, இரவு 11.05

தம்பி, அலகைப் பார்த்தியா? 1 சதுர ஃபெர்மி என்றால் 10 மில்லிபார்ன். நானும் ஒரு காலத்தில் அந்தப் பத்தை விழுங்கிவிட்டு நாலு நாள் தூங்காமல் கிடந்தேன்.

பாளை_பையன் | சனி, இரவு 11.11

பார்த்துவிட்டேன் அண்ணாச்சி. அலகில் பிழை என்றால் எல்லா ஆற்றலிலும் ஒரே மடங்கு உதைக்க வேண்டுமே. மேலே சரியாகத்தான் இருக்கிறது.

தென்காசி_அக்கா | ஞாயிறு, காலை 6.20

தம்பி, நீ சூத்திரத்தில் தப்பு விடவில்லை. சமாரியம்-154ஐ உருண்டை என்று நினைத்துவிட்டாய், அவ்வளவுதான்.

டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான முடுக்கி மையத்தில் சில வருடம் ராத்திரி ஷிப்ட் பார்த்தவள் நான். அங்கே பெல்லட்ரான் முடுக்கியின் கற்றை வரும்வரை காத்திருக்கும் நேரத்தில் இந்த மாதிரிப் பேச்சுதான். சமாரியம்-144 எள்ளுருண்டை. 154 பிடிகொழுக்கட்டை. அதன் சராசரி ஆரம் 6.4 ஃபெர்மி, உருண்டையிலிருந்து எவ்வளவு விலகியது என்று சொல்லும் உருத்திரிபு எண் பீட்டா சுமார் 0.3. போட்டுப் பார்: நுனிப்பக்கம் கரு 1.2 ஃபெர்மி கூடுதலாக நீண்டிருக்கும், இடுப்புப்பக்கம் 0.6 ஃபெர்மி உள்ளே வாங்கியிருக்கும். நுனியில் வந்து முட்டும் ஆக்சிஜனுக்கு ஈர்ப்பு சீக்கிரமே கை நீட்டுகிறது, அதனால் தடை சில எம்இவி தாழ்வு. இடுப்பில் வந்து முட்டுவதற்கு உயர்வு.

"கரு சுழன்றுகொண்டே இருக்குமே, நுனி ஏது இடுப்பு ஏது" என்று கேட்பாய். இந்தக் கருவின் முதல் சுழற்சி நிலை வெறும் 82 கேஇவி (0.082 எம்இவி). அவ்வளவு சின்ன ஆற்றல் என்றால் அவ்வளவு மெதுவான சுழற்சி. ஆக்சிஜன் கிட்டே வந்து விஷயம் முடியும் நேரத்துக்குள் சமாரியம் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆகவே ஒவ்வொரு கோணத்திலும் கரு உறைந்து நிற்பதாக வைத்துக்கொண்டு கிராஸ் செக்‌ஷனைத் தனித்தனியாகப் போட்டு, அப்புறம் சராசரி எடு.

முக்கியமானது: சராசரி எடுக்க வேண்டியது கிராஸ் செக்‌ஷனை, தடையை இல்லை. தடையைச் சராசரி போட்டால் திரும்ப உன் 60-க்கே வந்து நிற்பாய். நுனி நம் பக்கம் பார்த்து நிற்கும் வாய்ப்பு கம்மிதான். ஆனால் 55 எம்இவியில் நுனிக்கும் இடுப்புக்கும் டனலிங் (தடையை ஊடுருவும்) வாய்ப்பு ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசப்படும். கொஞ்சப் பேராக இருந்தாலும் வேலை முழுக்க அவர்கள்தான் பார்க்கிறார்கள்.

பாளை_பையன் | ஞாயிறு, மதியம் 1.30

அக்கா!! பத்துக் கோணம் எடுத்துப் போட்டேன். நூறு மடங்கு வித்தியாசம் போயே போச்சு. முழுக்க ஒட்டவில்லை, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டது. மத்தியானச் சோறு இப்போதுதான் இறங்குகிறது.

ஓய்வு_வாத்தியார் | ஞாயிறு, மாலை 4.15

இந்த ஏமாற்றம் உமக்கு மட்டும் வந்ததில்லை. 1970களின் கடைசி வரை இந்தத் துறையில் பலரும் ஒற்றைத் தடையை நம்பிக்கொண்டிருந்தார்கள். 1978-இல் ஸ்டோக்ஸ்டாட் குழு சமாரியம்-148, 150, 152, 154 என்று வரிசையாக ஆக்சிஜனை மோதவிட்டது. கரு நீள நீளத் தடைக்குக் கீழே இணைவு ஏறிக்கொண்டே போயிற்று. 1980-இல் பெக்கர்மேன் குழு நிக்கல் மீது நிக்கலை விட்டது. அங்கே உருத்திரிபு பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் நிக்கல்-58 உடன் நிக்கல்-64 மோதும்போது, இரண்டு ஒரே இன நிக்கல்கள் மோதுவதைவிட வளைவு வேறு சரிவில் இறங்கியது. 64-இல் இருக்கும் உபரி நியூட்ரான்கள் 58-க்குத் தாவ முடிகிறது, தாவினால் ஆற்றல் லாபமும் உண்டு. அந்தப் பண்டமாற்றும் தடையைத் தாழ்த்துகிறது.

ஆக வடிவம், அதிர்வு, நியூட்ரான் தாவல் என்று உள்ளே நடப்பது ஒவ்வொன்றும் தன் பங்குக்குத் தடையைப் பிரித்துப் போடுகிறது. ஒரே வாசல் பல வாசலாகிறது. எந்த வாசல் எந்த உயரத்தில் என்று கண்டுபிடிக்க 1991-இல் ரௌலி, சாச்லர், ஸ்டெல்சன் மூவரும் ஒரு வழி சொன்னார்கள். ஆற்றலையும் கிராஸ் செக்‌ஷனையும் பெருக்கி, அதை ஆற்றலைப் பொறுத்து இரண்டு தடவை வகைக்கெழு எடுத்தால் தடைகளின் பரவல் தானாக வந்து நிற்கும். கரும்பலகையில் நாலு வரி. எனக்கு இந்தத் துறையில் பிடித்த நாலு வரி அதுதான்.

ஆனால் அளப்பவருக்கு அது தலைவலி. அளந்த புள்ளிகளை இரண்டு முறை வகைக்கெழு எடுத்தால் பிழை எப்படி ஊதும் என்று உமக்குத் தெரியும். ஒரு சதவீதத் துல்லியம் இல்லாமல் ஒன்றும் தேறாது. கான்பெராவில் அதைச் செய்து காட்டினார்கள்.

வள்ளியூர்_காற்று | ஞாயிறு, இரவு 8.50

நல்லா இருக்கு சார். ஆனால் ஒரு கேள்வி. ஒரு தடை வைத்து ஒட்டவில்லை என்றதும் பத்துத் தடை வைத்தீர்கள், ஒட்டிவிட்டது. பத்து திருகு இருந்தால் எதைத்தான் ஒட்ட வைக்க முடியாது? நான் மகேந்திரகிரிப் பக்கம் வேலை பார்க்கிறவன். சோதனைப் புள்ளிக்கு ஏற்ப மாடலைத் திருகுகிறவர்களை அங்கே நாங்கள் மதிப்பதில்லை.

தென்காசி_அக்கா | ஞாயிறு, இரவு 9.35

காற்று அண்ணாச்சி, இந்த இடத்தில் உங்கள் அடி விழாது. பீட்டா 0.3 என்பது இணைவுச் சோதனையில் இருந்து வந்த எண் இல்லை. அந்தக் கருவை மின்புலத்தால் கிளர்த்தி, அது விடும் காமாக் கதிரை அளந்து எடுத்தது. 82 கேஇவியும் அப்படித்தான். இணைவுக் கணக்குக்குள் அந்தத் திருகுகள் பூட்டியே வருகின்றன. சமாரியம்-144 எடுத்தால் அங்கே சுழற்சி இல்லை, 1.81 எம்இவியில் ஓர் எண்முனை அதிர்வு (கரு பேரிக்காய் வடிவில் துடிப்பது) உண்டு. அதைப் போட்டால் பரவலில் இரண்டு முகடு வருகிறது, அளந்ததிலும் இரண்டு. யாரும் திருகவில்லை.

திருகு இருக்கும் இடத்தை நானே சொல்கிறேன். வுட்ஸ்-சாக்ஸனின் விளிம்பு எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்ற எண். மீள்மோதலுக்கு (இணையாமல் தெறித்துப் போவதற்கு) 0.63 ஃபெர்மி பக்கம் போதும். இணைவுக்கு 0.75-க்கு மேலே, சில இடத்தில் 1-ஐத் தாண்டியும் கேட்கிறது. ஒரே கரு, ஒரே விசை, இரண்டு எண். இதற்கு எல்லாரும் ஒப்புக்கொள்ளும் பதில் கிடையாது. அடிப்பதென்றால் அங்கே அடியுங்கள்.

வள்ளியூர்_காற்று | ஞாயிறு, இரவு 9.41

சரி, ஒத்துக்கிடுதேன். அந்த 0.63 சமாச்சாரத்தை விடமாட்டேன்.

பாளை_பையன் | திங்கள், இரவு 9.00

வழிகாட்டிக்குத் திருப்தி. "கோணச் சராசரியோடு நிற்காதே, கப்பிள்டு சானல் போடு" என்றார், அதாவது கருவின் உள்நிலைகளையும் சேர்த்தே தீர்க்கும் முறை. சிசிஃபுல் என்ற நிரலை எடுத்தேன். ஹகினோ, ரௌலி, க்ரூப்பா 1999-இல் வெளியிட்டது, ஃபோர்ட்ரான். என் மடிக்கணினியிலேயே சில நொடியில் ஓடுகிறது. ஆனால் பதில் நான் கையால் போட்ட சராசரியைவிட மோசம்! கீழே மறுபடி குறைகிறது. இரண்டு, நான்கு, ஆறு என்று சுழற்சி நிலைகளைக் கூட்டிப் பார்த்துவிட்டேன். நாலுக்கு அப்புறம் பெரிதாக மாறவில்லை.

தென்காசி_அக்கா | திங்கள், இரவு 9.25

உள்ளீட்டுக் கோப்பை அப்படியே ஒட்டு.

தென்காசி_அக்கா | திங்கள், இரவு 9.52

கிடைத்துவிட்டது. வேறொரு கருவுக்கான பழைய கோப்பை எடுத்துத் திருத்தியிருக்கிறாய், இல்லையா? இரண்டாவது வரியில் இலக்குக் கருவின் ஆர எண் 1.06 என்று அப்படியே கிடக்கிறது. பீட்டாவோ 1.2 ஆரத்துக்கு எடுத்த 0.3. நிரலுக்கு வேண்டியது பீட்டா மட்டும் இல்லை, பீட்டாவும் ஆரமும் பெருக்கி வரும் நீளம். 1.06 போட்டால் கொழுக்கட்டை பன்னிரண்டு சதவீதம் சப்பையாகிவிடும். 1.2 போட்டு ஓட்டு.

பாளை_பையன் | திங்கள், இரவு 10.03

ஒட்டிடுச்சு அக்கா. ஒரே ஒரு எண்ணுக்கு ஒரு நாள் போச்சு.

கல்லிடை_அப்பளம் | திங்கள், இரவு 10.10

என் பத்துக்கு நாலு நாள். நீ தேவலை.

கூடங்குளம்_கேன்டீன் | செவ்வாய், காலை 7.15

நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். இந்த இணைவை வைத்துக் கரண்ட் எடுக்கலாமா? எங்கள் ஊரில் இரண்டு உலை ஓடுகிறது, ஒவ்வொன்றும் ஆயிரம் மெகாவாட். அதைவிட மேலா?

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய், காலை 8.30

எடுக்க முடியாது ஐயா, கொடுக்கத்தான் வேண்டும். உங்கள் ஊர் உலையில் நடப்பது பிளவு. சூரியனில் நடப்பது லேசான கருக்களின் இணைவு. இரும்பு, நிக்கலுக்கு மேலே போய்விட்டால் இணைத்து லாபம் பார்ப்பது நடக்காது. கால்சியம்-48ஐ யுரேனியம்-238 உடன் சேர்க்க ஏறக்குறைய 160 எம்இவி நாம்தான் கைக்காசு போட வேண்டும். இதைச் செய்வது மின்சாரத்துக்கு இல்லை. தனிம வரிசை அட்டவணை எங்கே முடிகிறது என்று பார்க்க.

பாளை_பையன் | செவ்வாய், மாலை 6.40

வாத்தியார் சார் சொன்ன அந்த ஜோடியையே இன்று சும்மா ஓட்டிப் பார்த்தேன். சிசிஃபுல் தடைக்கு மேலே பத்துக்கணக்கில் மில்லிபார்ன் தருகிறது. ஆனால் அதில் பிறக்கும் 112ஆம் தனிமம் கோப்பர்நீசியம் கிடைக்கும் அளவு பிகோபார்ன் (மில்லிபார்னில் நூறு கோடியில் ஒரு பங்கு) என்று படிக்கிறேன். மறுபடியும் 1.06 மாதிரி ஏதாவதா?

தென்காசி_அக்கா | செவ்வாய், இரவு 9.10

இல்லை. இந்த முறை நிரல் சொல்வதும் சரி, ஆய்வகம் சொல்வதும் சரி. இரண்டும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கின்றன. நிரல் போடுவது, கருக்கள் தடையைத் தாண்டி ஒட்டிக்கொள்ளும் அளவை. ஆக்சிஜன், சமாரியத்தில் ஒட்டினால் இணைந்த மாதிரிதான். இங்கே அப்படி இல்லை. மூன்று எண்களைப் பெருக்க வேண்டும்: ஒட்டிக்கொள்ளும் அளவு, ஒட்டியது உருகி ஒரே கருவாகும் வாய்ப்பு, ஆன கரு பிளந்து போகாமல் நியூட்ரான்களை மட்டும் கக்கிவிட்டுப் பிழைக்கும் வாய்ப்பு. நடுவில் இருப்பதைத்தான் பிசிஎன் என்பார்கள்.

பிகோபார்ன் என்றால் என்ன கஷ்டம் என்று ஒரு கணக்கு. நொடிக்கு ஆறு லட்சம் கோடி கால்சியம் கருக்கள் வரும் கற்றை, சதுர சென்டிமீட்டருக்கு அரை மில்லிகிராம் யுரேனியம். 1 பிகோபார்னுக்கு ஒன்றரை நாளுக்கு ஒரு அணு பிறக்கும். அதிலும் எல்லாம் கருவியில் மாட்டாது. ஜப்பானில் துத்தநாகம்-70ஐப் பிஸ்மத்-209 மீது விட்டு 113ஆம் தனிமத்தைத் தேடியபோது 2004, 2005, 2012 என்று கிடைத்தது மொத்தமே மூன்று அணு.

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய், இரவு 10.00

பிசிஎன் ஏன் இவ்வளவு சிறிதாகிறது என்பதற்கு நம் நெல்லையப்பர் தேரைச் சொல்வேன். ஆனித் தேரை வடம் பிடித்து ரத வீதியில் இழுத்துக்கொண்டு வருகிறோம். வாகையடி முக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. தேர் முக்குக்கு வந்தது என்பதற்காக நிலைக்கு வந்துவிட்டது என்று சொல்வோமா? பின்னால் சக்கரத்துக்குத் தடி போட்டு நெம்ப வேண்டும். ஸ்வியாடெக்கி 1980களின் தொடக்கத்தில் சொன்ன கூடுதல் தள்ளல் அந்தத் தடிதான். இரண்டு மின்னூட்டங்களின் பெருக்கல் 1600, 1800 என்று போனால் தடையைத் தாண்டும் ஆற்றல் மட்டும் போதாது. உமது ஆக்சிஜன்-சமாரியத்துக்கு 496. கால்சியம்-யுரேனியத்துக்கு 1840.

வள்ளியூர்_காற்று | செவ்வாய், இரவு 10.20

சார், தேர் உவமை எனக்கு ஒட்டவில்லை. தேருக்குத் தடி போட்டால் நகரும், எப்படியும் சாயங்காலத்துக்குள் நிலைக்கு வரும். முக்கில் நின்ற தேர் இரண்டாக உடைந்து திரும்பி ஓடியதாக எந்த வருடமும் கேள்விப்பட்டதில்லை. இங்கே பெரும்பாலும் அதுதானே நடக்கிறது?

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய், இரவு 10.45

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் தேரை நிறுத்திவிட்டு நேராகச் சொல்கிறேன். ஒட்டிய இரட்டைக் கருவின் ஆற்றல் நிலப்பரப்பில் ஒரு சேணம் உண்டு. சேணத்துக்கு இந்தப்பக்கம் ஒரே கரு, அந்தப்பக்கம் பிளவு. லேசான ஜோடியில் தொட்டுக்கொள்ளும் இடமே சேணத்துக்கு உள்ளே விழுகிறது, தானாக உருண்டுபோய்ச் சேரும். கனமான ஜோடியில் தொட்டுக்கொள்ளும் இடம் சேணத்துக்கு வெளியே. அதனால் தொட்டவுடன் வெளிப்பக்கச் சரிவு. சில நூறு நியூட்ரான், புரோட்டான்கள் கொண்ட அந்தக் கூட்டம் கொஞ்சம் கொடுக்கல் வாங்கல் செய்துவிட்டுப் பிரிந்துவிடும். பெரும்பாலும் 10⁻²⁰ நொடிக்குள். அரைகுறைப் பிளவு என்று நாங்கள் சொல்லித்தந்தது அதைத்தான்.

வள்ளியூர்_காற்று | புதன், காலை 6.55

இப்போது என் பழைய கேள்வி. மூன்று எண்ணைப் பெருக்குகிறீர்கள், அளப்பது பெருக்கல் தொகையை மட்டும். ஒன்று பத்து மடங்கு கூடி இன்னொன்று பத்து மடங்கு குறைந்தால் யாருக்குத் தெரியும்?

தென்காசி_அக்கா | புதன், இரவு 8.40

யாருக்கும் தெரியாது. இந்த முறை அடி சரியான இடத்தில் விழுந்தது அண்ணாச்சி.

வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒரு பள்ளி, இரண்டு கருவும் கழுத்து விரிந்து உருகுகின்றன, பிறகு உள் மேட்டை பிரவுன் அசைவு மாதிரித் தள்ளாடித் தாண்டுகின்றன என்கிறது. தள்ளாட்டம் எங்கே தொடங்குகிறது என்ற தூரத்தை அளந்த முடிவுகளைப் பார்த்து எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு பள்ளி, கருக்கள் உருகவே இல்லை, தொட்டபடி தனித்தனியாக நின்று நியூட்ரானும் புரோட்டானும் ஒவ்வொன்றாகத் தாவித் தாவிச் சின்னது பெரியதற்குள் கரைகிறது என்கிறது. படமே நேர் எதிர். இரண்டு பேர் விடையும் அளந்த பிகோபார்னுக்குப் பக்கத்தில் வருகிறது. பிசிஎன்னை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஒரே ஜோடிக்கு நூறு மடங்கு வித்தியாசம்கூட வரும்.

எப்படி இரண்டும் பொருந்துகிறது? மூன்றாவது எண் பிளவுத் தடையை அடுக்குக்குறியில் பிடித்திருக்கிறது. நியூட்ரான் ஒவ்வொன்று ஆவியாகும் போதும் அந்தப் பங்கு பெருகும். பிளவுத் தடையில் 1 எம்இவி மாறினால் பிழைக்கும் வாய்ப்பு பத்து, நூறு மடங்கு என்று ஆடும். ஒருவர் பிசிஎன்னில் விட்டதை அங்கே பிடித்துவிடலாம். கருத்தரங்குகளில் "எங்கள் மாடல் ஒட்டுகிறது" என்று கோடு போட்டுக் காட்டும்போது நான் மூன்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லிக் கேட்பேன். பாதிப் பேர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள்.

ஓய்வு_வாத்தியார் | புதன், இரவு 9.30

அம்மா சொல்வது சரி. ஆனாலும் கை விரிக்கவும் வேண்டாம். 2001-இல் கான்பெராவில் ஒரு கெட்டிக்காரச் சோதனை செய்தார்கள். ரேடியம்-216 என்ற ஒரே கருவுக்கு மூன்று வழியில் போனார்கள்: கார்பன்-12 உடன் ஈயம்-204, ஃபுளூரின்-19 உடன் தங்கம்-197, சிலிக்கான்-30 உடன் டங்ஸ்டன்-186. கூட்டிப் பாரும், மூன்றும் 88 புரோட்டான், 216 மொத்தம். போர் 1936-இல் சொன்னபடி இணைந்து உருவான கூட்டுக்கரு தான் பிறந்த வழியை மறந்துவிடும். ஆகவே ஒரே கிளர்ச்சி ஆற்றலில் மூன்றாவது எண் மூவருக்கும் பொது. அதை வகுத்துத் தள்ளிவிடலாம். மிச்சம் வருவது பிசிஎன் விகிதம். கார்பனைவிட ஃபுளூரினிலும் சிலிக்கானிலும் பிழைத்து வந்தவை குறைவு. இவ்வளவு லேசான ஜோடியிலேயே அரைகுறைப் பிளவு தொடங்கிவிட்டது என்று அன்றைக்கு யாரும் எதிர்பார்க்கவில்லை.

விகிதம்தான் கிடைக்கும், முழு மதிப்பு கிடைக்காது என்று காற்று கேட்பார். கேட்கட்டும்.

வள்ளியூர்_காற்று | புதன், இரவு 9.34

கேட்டேன்.

சீவலப்பேரி_சுடலை | புதன், இரவு 10.15

டிடிஎச்எஃப் (நேரம் சார்ந்த ஹார்ட்ரீ-ஃபாக்) முறை பற்றி யாரும் பேசவில்லையே? வடிவம், கழுத்து என்று எதையும் கையால் கொடுக்காமல், நியூக்ளியான்களுக்கு (புரோட்டான், நியூட்ரான்) இடையே உள்ள பயனுறு விசையை மட்டும் கொடுத்து முப்பரிமாணக் கட்டத்தில் நேரப்படி ஓட்டுகிறார்கள். திருகு பிரச்சினை அங்கே கம்மி.

தென்காசி_அக்கா | புதன், இரவு 10.50

கம்மிதான், எனக்கும் பிடித்த வழி. யுரேனியத்தின் நுனியில் முட்டினால் சீக்கிரம் பிரிகிறது, இடுப்பில் முட்டினால் கூடுதல் நேரம் ஒட்டியிருக்கிறது என்று அதில் படம் மாதிரித் தெரியும். தம்பி கவனி: சமாரியத்தில் உன்னைக் காப்பாற்றிய நுனி இங்கே வில்லன். ஒட்டுவதற்கு நுனி சுலபம், உருகுவதற்கு இடுப்புதான் தேவலை.

குறை என்னவென்றால், அது சராசரிப் பாதையைத்தான் காட்டும். தடைக்குக் கீழே டனலிங்கே கிடையாது, தாண்டும் அல்லது தாண்டாது. ஆயிரத்தில் ஒன்று நடக்கும் இணைவை சராசரிப் பாதையில் எப்படித் தேடுவது?

பாளை_பையன் | வியாழன், இரவு 8.20

தடைப் பரவல் போட்டுவிட்டேன். சமாரியம்-154க்குத் தாழ்ந்த பக்கம் நீளமான வால், உயர்ந்த பக்கம் முகடு. நுனி குறைவு, இடுப்பு அதிகம் என்று அக்கா சொன்னது கண்ணால் தெரிகிறது. அளந்த புள்ளிகளில் இருந்து எடுத்த பரவல் மட்டும் 65-க்கு மேலே பேயாட்டம் ஆடுகிறது.

தென்காசி_அக்கா | வியாழன், இரவு 8.45

ஆடத்தான் செய்யும். பிழை கிராஸ் செக்‌ஷனோடு சேர்ந்து வளர்கிறது, மேலே போகப் போகப் பரவலோ பூஜ்யத்துக்கு இறங்குகிறது. வகைக்கெழுவுக்கு 2 எம்இவி இடைவெளி எடு, பிழைக் கோட்டை மறைக்காமல் போடு. வழுவழுப்பாக்கும் வேலை செய்தாய் என்றால் ஊருக்கு வரும்போது நேரில் வந்து திட்டுவேன்.

பாளை_பையன் | வெள்ளி, மாலை 5.10

பிழைக் கோட்டோடு கொடுத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் "கால்சியம்-யுரேனியம் ஜோடிக்கு பிசிஎன் இந்த ஆய்வில் கணக்கிடப்படவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். வழிகாட்டி பென்சிலால் கோடு போட்டு "ஏன்?" என்று கேட்டிருக்கிறார். ஒரு பக்கத்துக்குள் பதில் வேண்டுமாம். வாத்தியார் சார், அந்த ரேடியம்-216 கதையை வைத்து எழுதலாமா?

ஓய்வு_வாத்தியார் | வெள்ளி, மாலை 5.40

எழுதும். மூன்று ஜோடிக்கும் மின்னூட்டப் பெருக்கலை முதலில் போடும்: 492, 711, 1036. காற்றின் கேள்வியையும் மறக்காமல் சேரும். பெயர் போட வேண்டாம், தலைக்கனம் ஏறிவிடும்.